பன்றி கிலோமீட்டர் கல் பார்த்தா வருது?

விவசாயப் பெருமக்களே!

மல்லாட்டை முற்றும் நேரம் பார்த்து, ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுபோட்டுட்டுப் போகுது காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடணும்; அதைத் தாண்டினால் வனத்துறை சுடும். அதற்குப் பரிந்துரை செய்ய வி.ஏ.ஓ., வனவர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழுவாம். நம்ம மாவட்ட ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலமோ அந்த ஜனவரி 5-லேயே முடிஞ்சுபோச்சு! கேரளாவில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தாங்க.

காட்டை அழிக்கச் சொல்லலை. கொல்லையைக் காப்பாத்தச் சொல்றோம். கரண்டு வேலி மட்டும் வேண்டாம் அய்யா. பன்றிக்கு வைத்ததில் மனுசன் சாகிறான்.

குழுவைக் கூட்டு! சேதத்தை அளந்து முழு நஷ்டஈடு கொடு!

கிராம சபையில் தீர்மானம் போடத் திரண்டு வாங்க!

செயலாளர், விவசாயிகள் சங்கம், வடக்குத்து