கொண்டச்சிப் பிள்ளைகளின் புள்ளிகள் எதைச் சொல்கின்றன?

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கையோடு பாடசாலை வாசல்களில் பதாகை ஏறிவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர், 70க்கு மேலே எத்தனை பேர், போன வருடத்தைவிடக் கூடவா குறைவா. இதைத்தான் நாம் 'வளர்ச்சி' என்கிறோம்.

முசலிப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 5இல் 10 பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளையே 10 வீதம். சென்ற வருடம் மூவர், இவ்வருடம் இருவர் சித்தி என்றால் அறிக்கையில் அது வீழ்ச்சி. ஆனால் இவர்கள் வேறு பிள்ளைகள். எந்தப் பிள்ளையும் எங்கிருந்தும் விழவில்லை.

கொண்டச்சியில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த மக்களும் போனார்கள். புத்தளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பின் திரும்பியவர்களிலும் பலருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. பிள்ளைகளும் அப்படியே இடையில் பாடசாலை மாறுகிறார்கள்.

நானும் அப்படி மாறியவன்தான். விடுகைப் பத்திரத்தில் என் பெயரும் பிறந்த திகதியும் இருந்தன. எனக்குப் பின்னம் விளங்கவில்லை என்பது எங்கும் இல்லை. புதிய ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யார் சொன்னார்கள்? சாதாரண தரம் வரை அந்தப் பின்னத்தைச் சுமந்தேன்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் 2003 முதல் தரம் 4 போன்ற வகுப்புகளில் அடைவு மட்டத்தை அளந்திருக்கிறது. பயனுள்ள வேலை. ஆனால் அது மாதிரி எடுத்துச் செய்யப்படுவது. மாகாணங்களை ஒப்பிடலாம், கொண்டச்சிப் பிள்ளை ஒருவரை அதில் தேட முடியாது.

வளர்ச்சியை அளக்க, அதே பிள்ளையை இரண்டு முறையாவது பார்க்கவேண்டும். ஜனவரியில் எழுத்துக் கூட்டி வாசித்த பிள்ளை நவம்பரில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொண்டால் அது பெரிய பாய்ச்சல். பரீட்சையில் அது 55 புள்ளி எடுத்தால் பதாகையிலும் வராது, 70க்கு மேலான கணக்கிலும் வராது. இதைக் குறிக்கக் கணினிகூட வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி போதும், பிள்ளைக்கு ஒரு பக்கம்.

ஆசிரியர்கள் இதற்குத் தயங்குவதும் விளங்குகிறது. புள்ளி என்றாலே விளக்கம் கேட்கும் கடிதம் என்று பழகிவிட்டது. அந்தப் பக்கம் வலயக் கூட்டத்துக்குப் போகாமல், பிள்ளை மன்னாரிலிருந்து புத்தளம் போகும்போது விடுகைப் பத்திரத்தோடு சேர்ந்து போனால், அங்குள்ள ஆசிரியர் முதல் நாளே பின்னத்திலிருந்து தொடங்கலாம்.