நாக்குக்கும் ஒரு வரலாறு இருக்கு

"நாக்கை அடக்கத் தெரியாத தலைமுறை." ரியூஷன் முடிஞ்சு ரோல்ஸ் கடை வாசலில நிற்கிற எங்களைப் பார்த்துப் பெரியாக்கள் சொல்லுற வசனம் இது. எனக்கு இதில உடன்பாடு இல்லை. அந்த நாக்கைப் பழக்கினது ஆர் எண்டும் கேட்க வேணும்.

எங்கட ஊரையே எடுப்பம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. அந்த ஏப்ரலில் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கூப்பனில் கோதுமை மா கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. 1980இல் சீனக்குடாவில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாடு இது. ஆனால் கோதுமைக் கப்பல் வந்து நிற்க ஆழமான துறைமுகம் எங்களிட்ட இருந்தது. பாண், ரோல்ஸ், கொத்து எல்லாம் 'எங்கட சாப்பாடு' ஆனதில் அந்தக் கப்பல்களுக்கும் பங்கு இருக்கு.

இனிப்பில் விருப்பம் பிறவியிலேயே வருவது. மற்றச் சுவைகளில் பழக்கத்துக்குப் பெரிய இடம் உண்டு. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள், பிறகு கரட் கலந்த உணவுக்கு அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை என்று 2001இல் ஜூலி மெனெல்லா குழுவினர் அமெரிக்காவில் காட்டினார்கள். 2019இல் கெவின் ஹோல் நடத்திய ஆய்வில், ஆலையில் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு கிழமையும் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள். அவர்கள் எல்லாரும் வாய்க்கட்டுப்பாடு இல்லாத ஆட்களா?

எங்கட வீட்டில நடந்தது இதுதான். சோதினையில நல்ல மார்க்ஸ் எடுத்தா கொத்து. பிறந்தநாளுக்கு கேக்கும் சோடாவும். குரக்கன் புட்டு எப்ப வந்தது? அப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டு டொக்டர் சொன்ன பிறகு. கொத்து பரிசா வந்தது, குரக்கன் மருந்தா வந்தது. பிள்ளை எதை விரும்பும்?

கடையில போய்ச் சாப்பிடுற எங்களில பிழையே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா பழக்கினதை ஏச்சால மாத்த ஏலாது. திரும்பப் பழக்கத்தான் வேணும்.

தம்பிக்கு ஓ.எல். சோதினை முடியப் போகுது. கொத்துத்தான் வேணும் எண்டு இப்பவே சொல்லிப்போட்டான். வாங்கிக் குடுப்பம். அதுக்கு முதல் ஒருநாள், ஒருத்தருக்கும் வருத்தம் இல்லாத ஒரு நாளில, எல்லாருமா இருந்து குரக்கன் புட்டும் சூடை மீன் குழம்பும் சாப்பிடுவம் எண்டு அம்மாட்டச் சொல்லியிருக்கிறன்.