பிணைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

பெரஹரா முடிந்து கண்டி டவுன் கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு சனிக்கிழமை. எங்கள் கூட்டாளி ஒருவன் எங்களில் இரண்டு பேரைப் பேராதனை வீதியில் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னான். பிளேன்டீ வருவதற்கு முன்னமே விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"மச்சான், புதுக் கார் ஒன்னு லீஸ்ல எடுக்கப் போறேன். மாசம் ஒன்னு பதினொன்னுதான். நீங்க ரெண்டு பேரும் கேரண்டி சைன் வைக்கணும்."

ஒன்று பதினொன்று என்றால் ஒரு இலட்சத்துப் பதினொராயிரம் ரூபா. அவன் கையில் வாங்கும் சம்பளம் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"முடியாது" என்று உடனே சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கவும் பயம். அவன் கட்டாவிட்டால் கம்பனி எங்களைத் தேடி வரும். "ஒரு வாரம் டைம் குடு, கணக்குப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றோம். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு நம்மில் நிறையப் பேர் அலைகிறோம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. கார் ஆசையைக் கிண்டல் பண்ண நாங்கள் வரவில்லை. அவன் வீடு கலஹா வீதியில் இருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டத்துப் பக்கம். பொழுது சாய்ந்தால் பஸ் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவை மாதம் இரண்டு தடவை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து லொறியிலும் பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு போன குடும்பத்தில் ஒரு பிள்ளை கார் ஓட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். நாங்கள் பார்க்க நினைத்தது, அந்தச் சந்தோஷத்துக்கு யார், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

லண்டனில் இருக்கும் மாமா மகன் சொல்லும் 'லீஸ்' வேறு, நம் ஊர் லீஸ் வேறு. அங்கே பெரும்பாலும் அது நீண்டகால வாடகை. இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குள் இவ்வளவு தூரம்தான் ஓடலாம் என்று கட்டுப்பாடும் இருக்கும். இங்கே நாம் லீஸ் என்பது உண்மையில் கடன். காரின் விலையில் ஒரு பங்கை நாம் முதலில் கட்டுகிறோம். மிச்சத்தைக் கம்பனி கட்டுகிறது. கடைசித் தவணை முடியும் வரைக்கும் வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். முடிந்த பிறகுதான் கார் நம் பெயருக்கு வரும். இடையில் தவணை தவறினால் அதைச் 'சீஸ்' பண்ண அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆகவே, "லண்டன்ல லீஸ்தான் லாபமாம்" என்ற யூடியூப் அறிவை இங்கே இறக்குமதி பண்ண வேண்டாம்.

இனிக் கணக்கு. 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அதே வருடம் ஜூலையில் மத்திய வங்கி ஒரு வரம்பு வைத்தது: அப்போது புதுக் காரின் பெறுமதியில் ஆகக்கூடியது 60 வீதம்தான் கடனாகக் கொடுக்கலாம் என்று இருந்தது. இந்த வரம்பை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள், எடுக்கும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு அந்த 60 வீதத்தை வைத்துப் போட்டது. கார் 80 இலட்சம், 14 வீத வட்டி, ஐந்து வருடம். அவனுக்குச் சொன்ன ஒன்று பதினொன்றும் இதோடு ஒத்துப்போகிறது.

கடன் 48 இலட்சம். மாதம் கிட்டத்தட்ட 111,700 ரூபா. 60 மாதத்தில் 67 இலட்சம். அதாவது வட்டி மட்டும் 19 இலட்சம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன 14 வீதம், கடன் குறையக் குறைய மிச்சத்துக்கு மட்டும் போடும் வட்டி. சில இடங்களில் 'ஃப்ளாட் ரேட்' என்று ஒன்று சொல்வார்கள். அதில் ஐந்து வருடமும் முழு 48 இலட்சத்துக்கும் வட்டி ஓடும். அதே 14 என்று சொன்னாலும் தவணை 136,000 ரூபா ஆகும். வட்டி 33 இலட்சத்து 60 ஆயிரம். குறையும் கடன் முறையில் பார்த்தால் அது உண்மையில் சுமார் 23 வீத வட்டி! வாயில் வரும் எண் ஒன்றுதான், ஆனால் பையில் இருந்து போவது பதினாலரை இலட்சம் வித்தியாசம். எங்கள் கூட்டாளிக்குச் சொன்னது குறையும் கடன் வட்டிதான். ஆனால் அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை, கிடைத்தது அதிர்ஷ்டம். "மாசம் எவ்வளவு?" என்று மட்டும்தான் அவன் கேட்டிருந்தான். விற்கிறவர்கள் நாம் கேட்க வேண்டும் என்று விரும்புகிற கேள்வியும் அதுதான்.

சரி, மாதத் தவணையை விடுவோம். முதலில் கட்டும் 32 இலட்சம் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவோட ஈபிஎஃப் காசு இருக்கு. மிச்சம் என் சேவிங்ஸ், அம்மாவோட நகை" என்றான்.

எங்களை உறுத்தியது இந்த இடம்தான். லீஸ் என்றால் நம் சம்பளத்தில் நாம் கட்டுவது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் முதல் 40 வீதம் போவது அநேக வீடுகளில் அப்பா அம்மாவின் வாழ்நாள் சேமிப்பு. அந்த 32 இலட்சத்தை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டால் மாதம் 21,000 ரூபாவுக்கு மேல் வரும். ரிட்டயர் ஆன இரண்டு பேருக்கு அது மருந்துச் செலவும் அரிசிச் செலவும். காரில் போட்ட காசு மாதா மாதம் எதையும் கொண்டுவராது. கேட்கத்தான் செய்யும்.

அதையும் சேர்த்து மொத்தக் கணக்குப் போட்டோம். சில எண்கள் எங்கள் ஊகம். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கட்டுவது 32 இலட்சம்.
தவணைகள் 67 இலட்சம்.
ஃபுல் இன்சூரன்ஸ் வருடம் ஒன்றரை இலட்சம் என்று வைத்து ஏழரை இலட்சம். லீஸில் இருக்கும்வரை இதைத் தவிர்க்க முடியாது.
சர்வீஸ், டயர், வருமான அனுமதிப்பத்திரம் ஐந்து வருடத்துக்கு 5 இலட்சம்.
வைப்பில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி 12 இலட்சத்து 80 ஆயிரம்.

கூட்டினால் 124 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து வருடம் கழித்து காரை 50 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால், அந்தக் காரை வைத்திருந்ததற்கான செலவு 74 இலட்சம். மாதத்துக்கு ஒரு இலட்சத்து 24 ஆயிரம். பெட்ரோலுக்கு இன்னும் 16,000 சேர்த்தால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். ஒரு நாளைக்கு 4,600 ரூபாவுக்கு மேல். கார் வீட்டு வாசலில் நின்றாலும் அதே 4,000 சொச்சம் போகும்.

"டேய், கார் விலை குறையாதுடா, ஏறத்தான் செய்யும்" என்றான். இலங்கையில் எல்லார் வாயிலும் வரும் வாக்கியம் இது. பொய்யும் இல்லை. 2019இல் கார் எடுத்த எத்தனையோ பேர் மூன்று வருடம் ஓட்டிவிட்டு வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றார்கள். ஆனால் ஏன் அப்படி நடந்தது? 2020இல் இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப் பார்த்தது. காரின் விலை ஏறியது என்பதைவிட ரூபாவின் விலை விழுந்தது என்பதுதான் சரி. இன்று கதவு திறந்திருக்கிறது, புது வாகனங்கள் வருகின்றன. வரி கூடினால் உங்கள் கார் விலை ஏறும், குறைந்தால் விழும். நம் கையில் எதுவும் இல்லை. 70 இலட்சத்துக்கு விற்றால் பெட்ரோல் இல்லாமல் மாதச் செலவு 90,000 ரூபா, 35 இலட்சத்துக்கு விற்றால் 149,000. ஒரு சூதாட்டத்துக்கு அப்பாவின் ஈபிஎஃப்-ஐ வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அதே 2022ஐ இன்னொரு பக்கமாகவும் நினைத்துப் பாருங்கள். லீஸ் தவணை மாறவில்லை. ஆனால் அரிசி, காஸ், பெட்ரோல் எல்லாம் ஏறின. கியூவில் நின்று, பிறகு கியூஆர் கோட்டாவில் வாரத்துக்குச் சில லீட்டர் மட்டும் அடித்துக்கொண்டு, ஓடாத காருக்குத் தவணை கட்டிய அண்ணன்மார் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிற ஒருவருக்கு இன்னொரு 2022ஐத் தாங்க இடமே இருக்காது.

சரி, கார் இல்லாவிட்டால் என்ன செலவு? இதையும் நேர்மையாகப் போட்டோம். அம்மாவின் கிளினிக்கும் மற்ற அவசரமும் சேர்த்து மாதம் நாலு தடவை ஆட்டோ, போய் வர 5,000 வீதம் 20,000. கோயில், கல்யாணம் என்று இரண்டு தடவை வேன் ஹயர், 30,000. அவன் வேலைக்குப் போகும் பஸ் காசு 10,000. தாராளமாகப் போட்டும் 60,000தான் வருகிறது. காரைவிட மாதம் 80,000 ரூபா மிச்சம். வேலை நாளில் கார் இருந்தாலும் கெட்டம்பேயில் இருந்து டவுனுக்குள் நுழைய பஸ்ஸோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும். பார்க்கிங் தேடி வாவியைச் சுற்றி வருவது தனி.

ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ அண்ணன் போனை எடுப்பாரா? அந்தப் பயத்துக்கு நாங்கள் விலை போட முடியாது. அதனால்தான் "கார் எடுக்காதே" என்று நாங்கள் சொல்லவில்லை. "அந்தப் பயத்துக்கு 80 இலட்சத்துப் புதுக் கார்தான் மருந்தா?" என்று மட்டும் கேட்டோம். 40 இலட்சத்துக்குள் ஓடின சின்னக் கார் ஒன்று, அவன் சேவிங்ஸில் 10, அப்பாவிடம் 10, மிச்சம் 20 இலட்சம் மட்டும் லீஸ். வட்டி 16 வீதமாக இருந்தாலும் நாலு வருடத்துக்குத் தவணை 57,000 ரூபா வரும். பழைய காருக்கு ரிப்பேர் செலவு கூடும், உண்மைதான். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அம்மாவின் நகை அம்மாவிடமே இருக்கும்.

எங்கள் கருத்து இதுதான். கார் உழைத்துக் கொடுக்கும் என்றால், ஹயர் ஓடவோ வியாபாரத்துக்கோ என்றால், புதுக் கார் லீஸ் கணக்கு வேறு மாதிரி வரலாம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் சொந்தப் பாவனைக்கு எடுக்கும்போது, இன்றைய விலையில் அது பெறுமதியான கொடுக்கல் வாங்கல் இல்லை. எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், வட்டி ஃப்ளாட்டா குறையும் கடனா, மொத்தம் எவ்வளவு கட்டுவேன், இடையில் முழுசாக முடித்தால் எவ்வளவு, பிந்தினால் தண்டம் எவ்வளவு என்ற நாலையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருந்தால் விளங்கும் வரை கையெழுத்து வேண்டாம். பிரச்சினை வந்தால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, 1935க்கு அழைக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அதே கடையில் கணக்குத் தாளை அவனிடம் கொடுத்தோம். கோபம் வந்தது. "நீங்க சைன் வைக்கப் பயந்துதான் இவ்வளவு கணக்கும்" என்றான். அதில் பாதி உண்மை என்று ஒத்துக்கொண்டோம். ஆனால் 12 இலட்சத்து 80 ஆயிரம் என்று எழுதிய வரியை அவன் இரண்டு தடவை பார்த்ததையும் நாங்கள் கவனித்தோம். பிளேன்டீ காசை அவனே கொடுத்துவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்பாகிட்ட காட்டணும்" என்றான். 

கார் இன்னும் வரவில்லை. வந்தால், அது எந்தக் காராக இருந்தாலும், முதல் தடவை அந்த மேட்டில் ஏறும்போது பின் சீட்டில் நாங்களும் இருப்போம்.