பெல்ட் கட்டியவரெல்லாம் உலக சாம்பியனா?

திருத்தணி மலையடிவாரத்துத் தேநீர்க் கடை முதல் சென்னை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் வரை ஒரே நம்பிக்கைதான்: இடுப்பில் பெல்ட் ஏறிவிட்டால் அவர் உலகின் முதல் வீரர், தரவரிசையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைவிடத் தேர்ந்தவர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் இரண்டுமே உண்மையல்ல.

2016 ஜூலை 16 அன்று டெல்லியில் குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங், கெர்ரி ஹோப்பை வீழ்த்தி டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். ஆசியாவையே வென்றுவிட்டதாக நாடு கொண்டாடியது. தொழில்முறையில் அது அவருக்கு ஏழாவது போட்டி. அந்தப் பட்டத்துக்காக ஆசிய வீரர்கள் அனைவரும் மோதவில்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட இருவர் மோதினார்கள். உலகத் தரவரிசைக்குள் நுழைய உதவும் படி அது, அவ்வளவே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் பெற்ற வெண்கலம் வேறு வகை. அங்கே அட்டவணை யாரைக் காட்டியதோ அவரோடு மோதித்தான் முன்னேற வேண்டும்.

உலகப் பட்டங்களை வழங்குவது யார்? டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற நான்கு தனியார் அமைப்புகள். 17 எடைப் பிரிவுகளிலும் ஆளுக்கொரு சாம்பியன் என்றால் ஒரே நேரத்தில் 68 பேர். அதற்கு மேல் ‘சூப்பர்’, ‘இன்டரிம்’, ‘சில்வர்’ என்று கிளைப் பட்டங்கள். பட்டப் போட்டி ஒவ்வொன்றுக்கும் வீரரின் ஊதியத்திலிருந்து அமைப்புக்குக் கட்டணம் போகிறது. பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று. பட்டம் பெருகினால் வருமானமும் பெருகும். பெல்ட்டுகள் பெருகியதற்கு இதுவே காரணம்.

தரவரிசை இன்னும் மோசம். டென்னிஸில் புள்ளிக் கணக்கு உண்டு. இங்கே குழு கூடி முடிவு செய்கிறது. டேரின் மோரிஸ் என்ற வீரர் 2000-இல் இறந்துபோனார். அதன் பிறகும் 2001-இல் டபிள்யூ.பி.ஓ. பட்டியலில் அவர் ஏழாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தப்பட்டார். ஐ.பி.எஃப். நிறுவனர் ராபர்ட் லீ, தரவரிசைக்குப் பணம் வாங்கியதாகத் தொடரப்பட்ட வழக்கில் பணமோசடி, வரி ஏய்ப்புக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்.

சாம்பியன் ஒளிந்துகொள்ளாமல் தகுதியானவரைச் சந்திக்கத் தரவரிசையும், அமைப்பு குறிக்கும் வீரரோடு மோதியே ஆக வேண்டும் என்ற கட்டாயப் போட்டி விதியும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அந்த விதி என்ன செய்கிறது என்று பாருங்கள். 2023-இல் ஹெவிவெயிட் வீரர் உசிக், அதே பிரிவின் டூபுவாவை நாக் அவுட் செய்தார். 2024 மே மாதம் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களையும் ஒருசேரப் பெற்றார். சில வாரங்களிலேயே கட்டாயப் போட்டிச் சிக்கலால் ஐ.பி.எஃப். பட்டத்தைத் துறந்தார். ‘இன்டரிம்’ எனும் இடைக்காலப் பட்டம் வைத்திருந்த டூபுவா, உசிக்கோடு மீண்டும் மோதாமலே சாம்பியன் ஆக்கப்பட்டார். தன்னை வீழ்த்தியவர் தோல்வியே காணாமல் நிற்க, வீழ்ந்தவர் இடுப்பில் அன்று பெல்ட் ஏறியது.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: திருத்தணி எந்த மாநிலத்துக்கு என்ற எல்லை வழக்கைப் படாஸ்கர் என்ற ஒரே நடுவர் தீர்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் தமிழகத்தோடு சேர்ந்தது. நான்கு நடுவர்கள் நான்கு தீர்ப்பு எழுதி, தீர்ப்புக்குக் கட்டணமும் வாங்கியிருந்தால் அந்த வழக்கு இன்றும் முடிந்திருக்காது. குத்துச்சண்டை அந்த நிலையில்தான் இருக்கிறது.

இதனால் நசுங்குவது வீரன்தான். திறமை இருந்தும் வலுவான புரமோட்டர் இல்லாதவன் பட்டியலுக்கு வெளியே காத்திருந்தே வயதை இழக்கிறான். ஆகவே ‘உலக சாம்பியன்’ என்று செய்தி போடுகிறவர்கள் நான்கு விவரங்களைச் சேர்த்தே போட வேண்டும்: எந்த அமைப்பு, எந்த எடை, யாரை வென்றார், பட்டம் ரிங்கில் வந்ததா குழுவின் கூட்டத்தில் வந்ததா. நாமும் பெல்ட்டை எண்ணுவதை விட்டு, வென்ற எதிராளிகளை எண்ணப் பழக வேண்டும். உழைப்பால் வென்றவருக்கு நாம் தரக்கூடிய நேர்மையான மரியாதை அதுதான்.