லாட் மாறினால் குறியும் மாறும்!

பனியன் தைப்பவர்களிடம் 'லாட்' மாறிப்போச்சு என்று சொல்லிப் பாருங்கள், உடனே உஷாராகிவிடுவார்கள். எங்கள் திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் கட்டிங் டேபிளில் இது பாலபாடம். அதே நூல், அதே கலர்தான். ஆனாலும் உடம்புப் பகுதியை ஒரு லாட் துணியிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்தால், வெளிச்சத்தில் பிடித்ததும் ஷேடு வித்தியாசம் பல்லிளிக்கும்.

இதே லாட் தலைவலி, துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவனை எடுத்துக்கொள்வோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் 60 முறை சுட்டு அவர் எடுத்தது 630.7 புள்ளிகள். 10-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் ஃபைனல். இன்னொரு இந்திய வீராங்கனையான ரமிதா ஜிண்டால், 631.5 எடுத்து 5-வது ஆளாக உள்ளே போனார். இருவருக்கும் வித்தியாசம் வெறும் 0.8.

இந்த 0.8 எவ்வளவு பெரியது? இலக்கின் நடுவில் இருக்கும் 10 வளையத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான். அதன்பின் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் 0.8 என்பது 2 மில்லிமீட்டர். அதுவும் ஒரு குண்டில் அல்ல, 60 குண்டுகளிலும் சேர்த்து! ஒரு குண்டுக்குப் பிரித்தால், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதிதான்.

அன்று இளவேனில் பின்தங்கியதற்குக் குண்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவர் 2025 ஆகஸ்ட்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்று தன்னை நிரூபித்துவிட்டார். ஆனால், முடிப் பருமனில் முடிவு மாறுகிற விளையாட்டில், ஈயக் குண்டின் லாட் நம்பரை யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

ஏர் ரைஃபிள் குண்டின் அளவு 4.5 மில்லிமீட்டர். அதிலேயே 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தலை அளவுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துப்பாக்கியின் குழலும் நுணுக்கத்தில் வேறுபடும். உங்கள் தோழியின் துப்பாக்கிக்குப் பொருந்துகிற குண்டு, உங்கள் துப்பாக்கியில் சிதறிப் போகலாம். எது பொருந்தும் என்பதை விலையும் சொல்லாது, பிராண்டும் சொல்லாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குத்தான் 'லாட் டெஸ்டிங்'. கை நடுக்கம் கணக்கில் சேராமலிருக்க, துப்பாக்கியை அசையாமல் கிளாம்ப்பில் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுடுவார்கள். நல்ல லாட் என்றால் பத்தும் ஒரே ஓட்டையில் நுழைந்ததுபோல இருக்கும். .22 ரைஃபிள் வீரர்கள் இதற்காகவே, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருக்கும் எலி நிறுவனத்தின் டெஸ்ட் ரேஞ்சுக்குத் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுபோகிறார்கள்.

10 மீட்டர், 50 மீட்டருக்கே இந்தப் பாடு. 1,000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில் சுடுபவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்கா போன்ற நாடுகளில் அவர்கள் ரைஃபிளையே ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். தோட்டாவையும் தாங்களே நிரப்புகிறார்கள். வெடிப்பொடியை 'கிரெயின்' கணக்கில் எடைபோடுவார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குகூட பிசகக் கூடாது. காரணம், அவ்வளவு தூரத்தில் தோட்டாவின் வேகம் ஒரு சதவிகிதம் குறைந்தாலே, அது சுமார் ஒரு சாண் கீழே போய் விழும். எனவே பொடியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ரேஞ்சில் சுட்டு, வேகத்தை அளந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கிறார்கள்.

நம்மூரில் இது வீட்டில் செய்கிற பொழுதுபோக்கு அல்ல. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் இறங்கிவிட வேண்டாம்.

ஆனால் அந்த நோட்டுப் பழக்கம் நமக்கும் உதவும். பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு இது முக்கியம். ஸ்கோர் ஏறவில்லை என்றதும், லட்சங்களில் விலையுள்ள புதுத் துப்பாக்கிக்கு நகையை அடகுவைக்கக் கிளம்பாதீர்கள். முதலில் கோச்சிடம் சொல்லி, நான்கைந்து லாட் குண்டுகளில் ஒவ்வொரு டின் வாங்கி, இருக்கிற துப்பாக்கியிலேயே டெஸ்ட் செய்யுங்கள். ஒருமுறை சுட்டது நன்றாக வந்துவிட்டால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இன்னொரு நாள் திரும்பவும் சுட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் ஜெயித்த லாட் நம்பரைக் குறித்துக்கொண்டு, போட்டிகளுக்கென்று அதே லாட்டைக் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் ஸ்கோர் ஏறவில்லையா? அப்போது துப்பாக்கியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் தெளிவாகப் பேசலாம். குண்டின் மேல் பழிபோட மட்டும் வழி இருக்காது!