ஆலோசனையும் ஓர் அமானிதமே

இலத்தூர், தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் கணக்கியலும் மேலாண்மையும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் விரும்புவது, பெருநகரில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவன வேலை. ஊதியம் அதிகம், ஊரில் சொல்லிக்கொள்ளப் பெருமை. அவ்வேலை பதிலுக்கு எவற்றைக் கேட்கிறது என்பதை மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

முதலாவதாக, அது நேரத்தைக் கேட்கிறது. இந்நிறுவனங்கள் விற்கும் சரக்கே மனிதரின் நேரந்தான். கட்டணமும் கெடுவும் முன்னரே பேசி முடிக்கப்படுகின்றன. போதாத நாள்களை இளையோரின் இரவுகள் ஈடுசெய்கின்றன. 2024 ஜூலையில், எர்ன்ஸ்ட் அண்டு யங் குழுமத்தின் புனே அலுவலகத்தில் தணிக்கைப் பணியில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுக் கேரளப் பெண் இறந்துபோனார். பணிச்சுமையே காரணம் என அவருடைய தாயார் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நிறுவனம் அதனை மறுத்தது. எனினும் அக்கடிதத்தைப் படித்த பல இளைஞர்கள், தங்கள் கதையும் அதுவே என்றனர்.

இரண்டாவதாக, அது மனச்சாட்சியைக் கேட்கிறது. அடிமைப்படுத்தும் வலிநிவாரணியான ஆக்ஸிகாண்டினின் விற்பனையைப் பெருக்கப் பர்டியூ நிறுவனத்துக்கு வழிகாட்டிய மெக்கின்சி, அமெரிக்க அரசின் விசாரணையை முடித்துக்கொள்ள 2024 டிசம்பரில் 65 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. இத்தகைய திட்டங்களுக்குக் கணக்கிடுவோரும் அறிக்கை வரைவோரும் பெரும்பாலும் நன்கு படித்த இளையோரே. ஆலோசனை கேட்கப்படுபவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்றே நம் மார்க்கம் கற்பிக்கிறது. கட்டணம் தருபவரின் இலாபம் மட்டுமே அதற்கு அளவுகோல் ஆகிவிடக் கூடாது.

இவ்வேலையே ஆகாது என்பதன்று என் கருத்து. சில ஆண்டுகளில் பல தொழில்களின் நுணுக்கங்களை அது கற்றுத்தரும். ஆனால் சேருமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வட்டி, மது தொடர்பான பணிகளை மறுக்க இயலுமா? ஜும்ஆவுக்கும் உறக்கத்துக்கும் இடமிருக்குமா?

பெற்றோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. வீட்டுக் கடனையும் தங்கையின் திருமணச் செலவையும் மகனின் முதல் ஊதியத்தின்மீதே ஏற்றிவிட்டால், அவன் விலக நினைத்தாலும் விலக முடியாது. தொலைபேசியில் சம்பளம் வந்ததா என்று கேட்கும் நாம், நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய் என்றும் கேட்போம். வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வா, வீடு இருக்கிறது என்றும் சொல்லி வைப்போம்.