டிக்கிக்குள் ஒரு இடிமுழக்கம்!



"காருக்கு சப்-ஊஃபர் வைக்கிறதெல்லாம் பணக்காரப் பையன் வேலை. டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குடா அது?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். இது முழுக்க முழுக்க நம்ம வேலை. நம்ம ஆட்கள் கை வைக்காததால்தான் கெட்டுக் கிடக்கிறது.

என் மாமா ராமநாதபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு சவாரிக்குக் குறைவில்லை. ஏறுகிற பசங்க கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, செட்டு எப்படி?" கம்பெனி ஸ்டீரியோவில் பாடுகிறவர் குரல் கேட்கும், தவில் கேட்காது. மாமாவும் ஒரு கடையில் டிக்கியில் பெட்டி ஏற்றிவிட்டார். "ஆயிரம் வாட் மாப்ள!" என்று ஒரே பெருமை. எட்டாவது மாதம், தங்கச்சிமடம் தாண்டும்போது பின்சீட்டு அடியில் கருகல் வாடை. சாமி கும்பிட வந்த குடும்பம், கைக்குழந்தையோடு நடுரோட்டில் இறங்கி நின்றது. அன்று சாயங்காலம் சீட்டைக் கழற்றிப் பார்த்தவன் நான்.

முதலில் இந்த வாட் கதை. கம்பெனி ஸ்டீரியோ முகப்பில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பான். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள், 52 வருகிறதா? அது சதுர அலைக் கணக்கு, பாட்டு இல்லை, வெறும் இரைச்சல். சைன் அலைக்குப் பாதி, 26. இழப்புகள் போக ஏறக்குறைய 20. முதல் வருடத்தில் படித்த ஓம் விதிதான் நண்பர்களே, வேறு வித்தை ஒன்றுமில்லை!

அந்த 20 வாட்டில் பேஸ் வராது. அதே சத்தம் வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கதவுக்குள் இருக்கும் ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் பாவம், எவ்வளவுதான் தள்ளும்? அதனால்தான் பெரிய கூம்பு, தனிப் பெட்டி, 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயர். கம்பெனி செட்டையே மாற்றச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டால் போதும்.

இப்போது மாமா வண்டிக்கு வருகிறேன். 300 வாட் நிஜமாக வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள ஆம்ப்ளிஃபயர் 375 வாட் இழுக்கும். 12.5 வோல்ட்டில் 30 ஆம்பியர். இவ்வளவும் எர்த் போல்ட் வழியாகத் திரும்ப வேண்டும். கடைக்காரர் பெயிண்டைச் சுரண்டாமலே போல்ட்டை முறுக்கியிருந்தார். மீதியை உப்புக் காற்று பார்த்துக்கொண்டது. ஒயர் நுனி பச்சை பூத்துக் கிடந்தது. அந்த இடத்தில் 0.05 ஓம் தடை என்று வையுங்கள், 30 ஆம்பியரில் 45 வாட் சூடு. நம்ம லேப் சால்டரிங் அயர்னைவிட அதிகம், அதுவும் சீட்டுப் பஞ்சுக்கு அடியில்!

இதில் பியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. பியூஸ் வேறு ஆபத்துக்கு. எஞ்சின் பக்கத் தகட்டு ஓட்டையில் ஒயர் உரசி அறுந்து ஷார்ட் ஆனால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். ஆகவே பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ், ஓட்டையில் ரப்பர் வளையம். மாமா வண்டியில் இரண்டுமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அழகாக ஒரு பியூஸ், அவ்வளவுதான்.

மதுரைக்காரர் செய்கிற மாதிரி நாம் செய்ய முடியாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் உலோகங்களைக் காற்றில் வைத்துப் பார்க்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்தக் காற்றில்தான் நம்ம வண்டியும் நிற்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டல், முறுக்கிய பிறகு மேலே கிரீஸ். பெட்டிக்கும் அழுத்திய தூள்பலகை வேண்டாம், ஈரத்தில் உப்பும். வத்தை கட்டுகிற மரைன் பிளைவுட் நம்ம ஊரிலேயே கிடைக்கிறதே!

ஒன்றில் மட்டும் மாமாவோடு எனக்குச் சண்டை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆனால் அளக்கிற மீட்டர் 'ஏ' கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் சும்மா இருக்க, ஜன்னல் கண்ணாடி அதிரும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் எட்டு மணிக்கே படுத்திருப்பார். "மீட்டர் ஒத்துக்கிட்டாலும் அவங்க நெஞ்சு ஒத்துக்காது மாமா" என்றேன். ஊருக்குள் நுழைந்ததும் பேஸை அணைக்க டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். போடுகிறார், பாதி நாள் மறந்துவிடுகிறார்.

அதே பழைய ஆம்ப்ளிஃபயர்தான், செலவு ஒயருக்கும் பியூஸுக்கும் மட்டும். போன மாதம் மண்டபத்தில் டீக்கு நிறுத்தியபோது, "மாப்ள, சீட்டைத் தூக்கி ஒருக்கா தொட்டுப் பாரு" என்றார். ராமநாதபுரத்திலிருந்து சத்தமாகவே ஓடி வந்த வண்டி. போல்ட் சில்லென்றுதான் இருந்தது.